வெளியார் எவர்? முதலாளியின் பேராசையும் தொழிலாளியின் எள்ளலும்

1989 ஆம் ஆண்டு ரொறன்ரோவில் நடைபெற்ற திரைப்பட விழாவிலே, பார்வையாளர்கள் தாமே வாக்களித்துத் தெரிவுசெய்யும் பரிசினை ஓர் ஆவணப்படம் தட்டிச்சென்றது. ‘ரொஜரும் நானும்’ எனத் தமிழிற் கூறத்தக்க அப்படத்தை எடுத்தவர் மிச்சிகன் மாநிலத்தின் பிளின்ற் பகுதியைச் சேர்ந்த மைக்கல் மூர். படத்தின் பெயரிலே வரும் ரொஜர், 1981 முதல் 1990 வரை ஜெனரல் மோட்டோர்ஸ் கம்பனியின் தலைவராக வீற்றிருந்த ரொஜர் ஸ்மித். 1908 இல் அக்கம்பனி பிறந்த ஊர் பிளின்ற். பிறந்த ஊரிலேயே ஆலைகளை மூடிப் பல்லாயிரம் தொழிலாளரை வீதியில் விட்ட கம்பனியின் தலைவரை ஒரு தடவையேனும் அங்கு அழைத்துவந்து, வேலையிழந்தோரின் முகங்களைக் காட்டிவிட வேண்டுமென்று மூர் கமெராவுடன் அலைகிறார். தலைவர் அகப்படவில்லை. அகப்படாத தலைவரைத் தேடும் அப்படலமே உலகைச் சிரிக்கவைத்தது. வேலையற்ற ஊருக்கு உல்லாசப் பயணிகளை வரவழைக்கவென மோட்டார் வண்டிக் கேளிக்கைப் பூங்கா அமைத்ததையும், அது விரைவிலேயே இழுத்து மூடப்பட்டதையும், நத்தார் காலத்திற் குடும்பங்கள் வாடகை வீடுகளிலிருந்து வெளியேற்றப்பட்டதையும், முயல் வளர்த்து விற்றுப் பிழைக்கும் பெண்ணையும் அப்படம் அடுத்தடுத்துக் காட்டியது. பார்த்தோர் சிரித்தனர், சிரித்த மறுகணமே நெஞ்சு கனத்தனர்.

ஈழத்தில் வீடு வாசல்களை இழந்து எம்மவர் ஆயிரக்கணக்கில் இந்நகரை வந்தடைந்துகொண்டிருந்த காலமும் அதுவே. உணவகங்களிற் கோப்பை கழுவியும், ஆலைகளில் இரவு வேலை செய்தும், அதிகாலையிற் பத்திரிகை போட்டும் அவர்கள் புதுவாழ்வைத் தொடங்கினர். ஆகையால், அமெரிக்கத் தொழிலாளியின் அவலத்தையும் கம்பனிகளின் பேராசையையும் பற்றிய எள்ளல், எமக்குத் தொலைவிலுள்ள வேடிக்கையன்று.

பழந்தமிழ் இலக்கணம் எள்ளலை அங்கதம் என்று அழைத்தது. தொல்காப்பியம் அதனை இரண்டாகப் பகுத்தது. பழியை நேரே எடுத்துரைப்பது செம்பொருள் அங்கதம். பழியை உள்ளே மறைத்துக் கூறுவது பழிகரப்பு அங்கதம். அதிகாரத்தின் முன்னே நேரே பேச இயலாத மக்கள் மறைத்துப் பேசினர். துணிவு வந்தபோது நேரே பேசினர். அவர்கள் எதனை எள்ளினர் என்பதை வரலாற்றில் தேடிப் பார்ப்போமாயின், இரண்டு சொற்கள் திரும்பத் திரும்ப எதிர்ப்படுகின்றன. ஒன்று ‘வெளியார்’, மற்றொன்று ‘நம்மவர்’. தொழிலாளி உரிமை கேட்டால், ‘வெளியார் தூண்டிவிட்டனர்’ என்பர். அவன் கேளாதிருக்க வேண்டுமாயின், ‘நாமெல்லாம் நம்மவர் அல்லவா’ என்பர். பேராசையின் இரு கைகள் இவை. இவ்விரண்டின் வரலாற்றை நாம் வாழும் ஊரிலிருந்தும் நாம் விட்டுவந்த நாட்டிலிருந்தும் எடுத்துக்கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எல்லை கடந்து வந்த ஊர்

ரொறன்ரோவுக்கு வடகிழக்கே அமைந்துள்ள ஸ்ரௌவ்வில் நகரில் இன்று தமிழ்க் குடும்பங்கள் பல வாழ்கின்றன. இவ்வூருக்குப் பெயர் தந்தவர் ஏபிரகாம் ஸ்ரௌவர். மெனனைற் சமயப் பிரிவைச் சேர்ந்த இவர், 1804 ஆம் ஆண்டு அமெரிக்காவின் பென்சில்வேனியாவிலிருந்து குடும்பத்துடன் வந்து, ஏறத்தாழ 600 ஏக்கர் நிலத்தைப் பெற்றுக் காடு வெட்டிக் குடியேறியவர். அவருக்கும் முன்னே, 16 ஆம் நூற்றாண்டளவில், வென்டாற் மக்களின் பெரிய கிராமமொன்று இங்கு இருந்ததைத் தொல்லியலாளர் கண்டறிந்துள்ளனர். எனவே இவ்வூரைக் கட்டிய ஐரோப்பிய வழியினரும் எல்லை கடந்து வந்தவர்களே.

வந்தவர்கள் உழைத்தார்கள்; நிலம் விளைந்தது. ஆயினும் 1820 களில் அவர்களைப் போன்ற அமெரிக்கப் பிறப்பினர் அனைவரின் தலைக்கு மேலும் ஒரு கத்தி தொங்கியது. அமெரிக்காவிற் பிறந்தோர் பிரித்தானியக் குடிகளல்லர், அந்நியரே. ஆதலால் வாக்களிக்கவோ சட்டப்படி நிலத்தை வைத்திருக்கவோ அவர்களுக்கு உரிமையில்லை என்ற வாதம் கிளம்பியது. அக்காலத்தில் மேல் கனடா என்று வழங்கிய இன்றைய ஒன்ராறியோவின் குடிகளிற் பெரும் பகுதியினர் அமெரிக்காவிலிருந்து வந்தோரும் அவர்தம் பிள்ளைகளுமாவர். வாக்குரிமை பறிபோனால் அரசியலும் நிலமும் யார் கையிற் சேரும் என்பதை விளக்க வேண்டியதில்லை. நீண்ட போராட்டத்தின் பின்னர் 1828 இல் நிறைவேறிய சட்டமே, 1820 இற்கு முன்னர் குடியேறியோரின் உரிமையை உறுதிசெய்து அச்சத்தைப் போக்கியது.

அன்று நாட்டை ஆண்டது ஒரு சிறு கூட்டம். பதவிகளும், வங்கியும், நில வழங்கலும் தமக்குள்ளே சுற்றிச்சுற்றி வரும்படி பார்த்துக்கொண்ட அவர்களை மக்கள் ‘குடும்பக் கூட்டு’ என்று அழைத்தனர். பெயரே ஓர் எள்ளல். அக்கூட்டத்தைப் பத்திரிகையில் எள்ளியவர் 1820 இல் ஸ்கொட்லாந்திலிருந்து வந்த வில்லியம் லையன் மெக்கென்சி. 1824 இற் பத்திரிகை தொடங்கிய அவர், ‘பற்றிக் சுவிப்ற்’ என்ற புனைபெயரில், ஆங்கில அங்கத மேதை ஜொனதன் சுவிப்றின் உறவினர்போல வேடமிட்டு, அதிகார வர்க்கத்தின் பூர்வீகத்தையும் பொருளாசையையும் கிண்டல் செய்தார்.

எள்ளலுக்கு விடை எழுத்தில் வரவில்லை. 1826 ஆம் ஆண்டு ஜூன் 8 ஆம் திகதி, அன்று யோர்க் எனப்பட்ட ரொறன்ரோவில், பட்டப்பகலிலே, மேட்டுக்குடி இளைஞர் கூட்டமொன்று அவருடைய அச்சகத்துள் நுழைந்தது. அச்சியந்திரத்தை உடைத்து, அச்செழுத்துக்களை அள்ளிச்சென்று ஏரியில் வீசியது. நீதவான்கள் இருவர் தடுக்காது பார்த்துக்கொண்டு நின்றனர். அவர்களுள் ஒருவரான வில்லியம் அலன் மேல் கனடா வங்கியின் தலைவர்! மெக்கென்சி வழக்குத் தொடுத்தார். யூரிகள் அவருக்கு 625 பவுண் நட்டஈடு வழங்கத் தீர்ப்பளித்தனர். கடனில் மூழ்கி மூடும் நிலையிலிருந்த பத்திரிகை அப்பணத்தினால் உயிர்பெற்றது. 1828 இல் மெக்கென்சி சட்டசபைக்குத் தெரிவானார். 1834 இல் ரொறன்ரோவின் முதல் நகரபிதாவானார். யாழ்ப்பாணத்திலே நூலகம் எரிந்ததையும் பத்திரிகை அலுவலகங்கள் தாக்கப்பட்டதையும் கண்ட எமது வாசகர்களுக்கு, ஏரியில் விழுந்த எழுத்துக்களின் பொருளை நாம் எடுத்துரைக்க வேண்டுமா?

எழுதுகோலுக்கும் முதலாளி உண்டு

எனினும் பத்திரிகை என்றாலே தொழிலாளியின் பக்கம் என எண்ணிவிடுதல் கூடாது. ‘குளோப்’ பத்திரிகையை 1844 இல் நிறுவிய ஜோர்ஜ் பிறவுண், அமெரிக்க அடிமை முறையைத் தீவிரமாக எதிர்த்த சீர்திருத்தவாதி. 1872 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ரொறன்ரோவின் அச்சுத் தொழிலாளர் நாளொன்றுக்கு ஒன்பது மணி நேர வேலை கேட்டுப் பணிநிறுத்தம் செய்தனர். ஏப்ரல் 15 இல் ஏறத்தாழ 10,000 பேர் குயின்ஸ் பார்க்கிலே திரண்டனர். அடிமைகளின் விடுதலைக்காக எழுதிய அதே பிறவுண், தம்மிடம் எழுத்துக்கோத்தவர்களை எதிர்த்து முதலாளிமாரை அணிதிரட்டினார். தொழிற்சங்கம் என்பதே சட்டவிரோதமான சதி என்ற பழைய சட்டத்தின் துணையுடன் சங்கத் தலைவர்கள் 24 பேர் கைதுசெய்யப்பட்டனர்.

அப்போது நடந்தது நகைப்புக்குரியது. பிறவுணின் பரம அரசியல் எதிரியும் பழைமைவாதியுமான பிரதமர் சேர் ஜோன் ஏ. மக்டொனால்ட், கிடைத்த தருணத்தை நழுவவிடாது, அவ்வாண்டு ஜூன் மாதத்திலே தொழிற்சங்கங்களைச் சட்டபூர்வமாக்கும் சட்டத்தை நிறைவேற்றினார். தாராளவாதி சிறைக்கு அனுப்பினார்; பழைமைவாதி விடுதலை செய்தார். முழங்கும் கொள்கையைக் கொண்டன்றி, சம்பளம் கொடுக்கும் நாளில் நடந்துகொள்ளும் முறையைக் கொண்டே ஒருவரை அளக்க வேண்டுமென்பதை அன்றைய தொழிலாளர் கற்றுக்கொண்டனர்.

ஒஷாவா, ஏப்ரல் 1937

ஸ்ரௌவ்விலுக்குத் தென்கிழக்கே, ஏரிக்கரையில் அமைந்த ஒஷாவா நகரம் ஜெனரல் மோட்டோர்ஸின் கனடியத் தலைநகரம். குதிரை வண்டி செய்துவந்த மக்லொக்லின் குடும்பத்தின் தொழில், 1918 இல் அந்த அமெரிக்கக் கம்பனியின் கைக்கு மாறியது. 1930 களின் பெருமந்தத்திற் கூலி குறைக்கப்பட்டது. பின்னர் விற்பனை மீண்டு இலாபம் பெருகியபோதும் தொழிலாளியின் நிலை மீளவில்லை. மாறாக, வாகனங்களைப் பொருத்தும் தொடர்வரிசையின் வேகம் கூட்டப்பட்டது. கைகள் இயந்திரத்தைத் துரத்தின.

எல்லைக்கு அப்பால் பிளின்ற் நகரத் தொழிலாளர், 1936 டிசெம்பர் 30 முதல் 1937 பெப்ரவரி 11 வரை 44 நாட்கள் ஆலைகளுக்குள்ளேயே அமர்ந்திருந்து போராடி, கம்பனி தம் சங்கத்தை அங்கீகரிக்கச் செய்தனர். அந்த வெற்றி ஒஷாவாவையும் எழுப்பியது. ஐக்கிய மோட்டார்த் தொழிலாளர் சங்கத்தின் 222 ஆம் இலக்கக் கிளை உருவாகியது. சாள்ஸ் மிலார்ட் அதன் தலைவரானார். ஏப்ரல் 8 ஆம் திகதி ஏறக்குறைய 4,000 பேர் வேலையை நிறுத்தினர்.

ஒன்ராறியோவின் முதல்வர் மிச்சல் ஹெப்பேர்ண். வெங்காயத் தோட்ட விவசாயியாகத் தம்மை அறிமுகஞ்செய்து, பணக்காரரைச் சாடி, 1934 இற் பதவிக்கு வந்தவர். வேலைநிறுத்தம் தொடங்கியதும் அவர் கூறியது என்ன? அமெரிக்காவிலிருந்து வந்த வெளிக் கிளர்ச்சிக்காரர்கள் கனடியத் தொழிலாளரைக் கெடுக்கிறார்கள், சி.ஐ.ஓ. எனப்பட்ட அமெரிக்கத் தொழிற்சங்க இயக்கத்துக்கு இங்கு இடமில்லை என்பதே. ஆலை அமெரிக்கக் கம்பனியுடையது. இலாபம் அமெரிக்காவுக்குச் செல்கிறது. தீர்மானங்கள் அமெரிக்காவில் எடுக்கப்படுகின்றன. இவை எவையும் வெளியாரல்ல. சங்கம் மட்டுமே வெளியார்! முதலுக்கு எல்லையில்லை, உழைப்புக்கு மட்டும் எல்லையுண்டு என்ற இவ்விந்தைக் கணக்கைக் காட்டிலும் பெரிய அங்கதத்தை எந்தப் புலவனால் இயற்ற முடியும்?

ஹெப்பேர்ணின் அச்சத்துக்கு வேறொரு வேரும் இருந்தது. வட ஒன்ராறியோவின் தங்கச் சுரங்கங்களுக்குள்ளும் சங்கம் நுழைந்துவிடுமென்று சுரங்க முதலாளிகள் நடுங்கினர். சுரங்கச் செல்வரொருவரின் பணத்தைக் கொண்டு 1936 இல் இரண்டு பத்திரிகைகளை இணைத்து ‘குளோப் அன்ட் மெயில்’ ஏட்டை உருவாக்கிய ஜோர்ஜ் மக்கல்லா, முதல்வருக்குப் பக்கபலமாக நின்றார். மத்திய அரசாங்கம் மேலும் பொலிசாரை அனுப்ப மறுத்ததும், ஹெப்பேர்ண் தாமே பல்கலைக்கழக மாணவர் உள்ளிட்டோரைத் திரட்டி விசேட பொலிஸ் படையொன்றை அமைத்தார்.

இங்கேதான் தொழிலாளரின் எள்ளல் வேலை செய்தது. அப்படையை மக்கள் ‘ஹெப்பேர்ணின் குதிரைப்படை’ என்று கேலி செய்தனர். இன்னும் ஒருபடி மேலே சென்று, ‘சன்ஸ் ஒவ் மிச்சஸ்’ என்றனர். முதல்வரின் செல்லப்பெயரான ‘மிச்’ என்பதை, அதே ஓசையுடைய ஆங்கில வசைமொழியோடு பொருத்திய சிலேடை அது. வசை முதல்வரின் பெயருக்குள் மறைந்து நின்றமையால் எவரையும் குற்றஞ்சாட்ட இயலவில்லை. பழிகரப்பு அங்கதத்துக்கு இதனிலும் நல்ல உதாரணம் வேண்டுமோ? ஒஷாவாவிற் கலவரம் வெடிக்கும் என்று சொல்லிப் படை திரட்டப்பட்டது; ஆனால் தொழிலாளர் ஒழுங்குடன் நின்றனர். இல்லாத கலவரத்துக்காகக் காத்திருந்த படையே ஊரார் வாயில் நகைப்புப் பொருளாகியது.

செம்பொருள் அங்கதமும் இடம்பெற்றது. தொழில் அமைச்சர் டேவிட் குறோல், சட்டமா அதிபர் ஆதர் றோபக் ஆகிய இருவரையும் ஹெப்பேர்ண் பதவி விலகச் சொன்னார். குறோல் தமது விலகற் கடிதத்தில், ஜெனரல் மோட்டோர்ஸோடு வாகனத்தில் ஏறிச்செல்வதைவிடத் தொழிலாளரோடு நடந்துசெல்வதே தமக்குரிய இடம் என்ற கருத்தை வெளியிட்டார். மோட்டார் கம்பனியைப் பற்றிய சர்ச்சையிலே வாகனத்தில் ஏறுதலையும் நடந்துசெல்லுதலையும் எதிரெதிரே வைத்த அக்கூற்று இன்றும் நினைவுகூரப்படுகின்றது.

ஏப்ரல் 23 இல் உடன்பாடு கைச்சாத்தாகியது. வாரத்துக்கு 44 மணி நேர வேலை, கூலி உயர்வு, சேவை மூப்புக்கு மதிப்பு, முறைப்பாடுகளைத் தீர்க்கும் ஒழுங்கு ஆகியன கிடைத்தன. வெளியாரின் பெயரான சி.ஐ.ஓ. மட்டும் ஒப்பந்தத்தில் இடம்பெறக்கூடாது என்று ஹெப்பேர்ண் அடம்பிடித்தார். பெயரை விட்டுக்கொடுத்துப் பொருளைப் பெற்றுக்கொண்டனர் தொழிலாளர்.

அதே ஏப்ரல், நாவலப்பிட்டி

இனி, அதே மாதத்தில் இலங்கையில் நடந்ததைக் காண்போம். ஒஷாவாவில் வேலைநிறுத்தம் தொடங்குவதற்கு ஐந்து நாட்கள் முன்னர், 1937 ஏப்ரல் 3 ஆம் திகதி, நாவலப்பிட்டியிலே தோட்டத் தொழிலாளர் கூட்டமொன்று நடைபெற்றது. ஏறக்குறைய 2,000 பேர் கூடினர். இந்தியாவிலிருந்து வந்திருந்த கமலாதேவி சட்டோபாத்தியாய உரையாற்றினார். லங்கா சமசமாஜக் கட்சியின் என். எம். பெரேரா, வெள்ளைத் தோழர் ஒருவரை மேடையில் அறிமுகஞ்செய்தார். அவர் பெயர் மார்க் பிறேஸ்கேர்டில். ஆஸ்திரேலியாவிலிருந்து 1936 இல் தேயிலைத் தோட்டத்தில் தொழில் பழக வந்த இளைஞர். துரையாக வேண்டியவர், துரைமாரின் சுரண்டலைத் தொழிலாளர் முன்னிலையிலே எடுத்துரைத்தார். மக்கள் ‘சாமி, சாமி’ என்று ஆரவாரித்தனர்.

தோட்ட முதலாளிகள் கொதித்தெழுந்தனர். தேசாதிபதி சேர் றெஜினோல்ட் ஸ்ரப்ஸ் அவரை நாடுகடத்தக் கட்டளையிட்டார். ஏப்ரல் 22 ஆம் திகதி, அதாவது ஒஷாவா உடன்பாட்டுக்கு முதல்நாள், அக்கட்டளை பிறேஸ்கேர்டிலிடம் கையளிக்கப்பட்டது. கடல் கடந்து வந்து மலைகளைச் சொந்தமாக்கிக்கொண்ட கம்பனிகள் வெளியாரல்லர், அத்தேசாதிபதியும் வெளியாரல்லர், தொழிலாளிக்காகப் பேசிய வெள்ளையர் மாத்திரம் வெளியார்! அவர் தலைமறைவானார். மே 5 ஆம் திகதி, தேடப்பட்ட அவரே காலிமுகத்திடல் கூட்டத்தில் மேடையேறி அரசாங்கத்தை நகைப்புக்கிடமாக்கினார். மே 18 இல் உயர் நீதிமன்றம் நாடுகடத்தற் கட்டளை செல்லாது எனத் தீர்ப்பளித்தது.

ஒன்ராறியோவும் இலங்கையும் ஒன்றையொன்று அறியா. ஹெப்பேர்ணும் ஸ்ரப்ஸும் கூடி ஆலோசித்தவர்களுமல்லர். ஆயினும் ஒரே மாதத்தில் இருவர் வாயிலும் ஒரே சொல் வந்தது. இலாபத்துக்கு ஊறு நேருமென்று அஞ்சும் அதிகாரம் எந்நாட்டிலும் முதலிற் கையிலெடுக்கும் சொல் அது.

அச்சொல் பின்னர் எத்தகைய கொடுமையை விளைவித்தது என்பதை எம்மவர் அறிவர். ஒருகாலத்தில் இன பேதமின்றிக் கொழும்புத் தொழிலாளரை ஒன்றுதிரட்டிய ஏ. ஈ. குணசிங்கவே, வேலையின்மை பெருகிய 1930 களில் மலையாளத் தொழிலாளருக்கு எதிராகத் திரும்பினார். 1939 இல் அரசாங்கம் தனது திணைக்களங்களில் நாட்கூலிக்கு வேலைசெய்த இந்தியரை வெளியேற்றத் தொடங்கியது. 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம், மலையகத் தமிழரை ஒரேயடியாக நாடற்றவராக்கியது. தொடர்ந்து 1949 இல் வாக்குரிமையும் பறிபோயிற்று. எமது தலைவர்களுட் சிலர் அமைச்சரவையில் அமர்ந்திருந்த வேளையிலேயே இத்தொடரிலான சட்டங்கள் நிறைவேறின என்பது தமிழர் வரலாற்றில் நீங்காத கறை. மேல் கனடாவின் குடியேறிகளுக்கு 1828 இற் கிடைத்த தீர்வு, மலையகத்தில் எஞ்சியிருந்தோருக்கு 2003 ஆம் ஆண்டுச் சட்டத்தினாலேயே முழுமையாகக் கிட்டியது.

நம்மவர் என்னும் கங்காணி

இனி, மற்றச் சொல்லுக்கு வருவோம். தோட்டத்திலே துரை தொழிலாளியின் மொழியறியாதவர். அவருக்கும் தொழிலாளிக்கும் இடையில் நின்றவர் கங்காணி. தமிழ்நாட்டுக் கிராமத்திலிருந்து ஆட்களைத் திரட்டி வந்தவர் அவர். பெரும்பாலும் தொழிலாளியின் ஊரவர், சிலவேளை உறவினர். முற்பணம் கொடுத்துக் கடனாளியாக்கியவரும், ஒவ்வொரு நாளும் வேலைக்குச் சென்ற ஒவ்வொரு தலைக்கும் தலைக்காசு பெற்றவரும் அவரே. கடனைக் குறித்த ‘துண்டு’ தீரும்வரை தொழிலாளி ஒரு தோட்டத்தைவிட்டு மற்றொன்றுக்குச் செல்ல இயலாதிருந்தது. 1921 இற் சட்டம் அம்முறையை ஒழித்தது. 1927 ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே 1929 இல் நிர்ணயிக்கப்பட்ட நாட்கூலி, உயர்மலைப் பகுதியில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம். இலண்டன் ஏலத்திற் கோப்பை நிறைந்தது; கொழுந்து பறித்த கைக்குக் கிடைத்தது அவ்வளவே.

இந்நிலையைக் கண்டறிவதற்காகத் துணி வியாபாரியைப்போல வேடமிட்டுத் தோட்டங்களுள் நுழைந்தவர் தஞ்சாவூரிலிருந்து வந்த கோ. நடேசய்யர். வெளியார் எவரும் நுழையலாகாது என்ற தடையை ஒரு புடைவைப் பொதியினால் ஏமாற்றியதே செயலாற் புரிந்த அங்கதமன்றோ? ‘தேசநேசன்’, ‘தேசபக்தன்’ ஆகிய பத்திரிகைகளை நடத்திய அவர், 1931 இல் தோட்டத் தொழிலாளருக்கெனச் சங்கம் அமைத்தார். ஒஷாவாவும் நாவலப்பிட்டியும் கொந்தளித்த அதே 1937 இல், தோட்ட மக்களின் வாழ்வைப் பொருளாகக் கொண்ட ‘இராமசாமி சேர்வையின் சரிதம்’ என்னும் நாடகத்தை வெளியிட்டார். அவருடைய துணைவியார் மீனாட்சியம்மை, இலங்கைவாழ் இந்தியரின் நிலையைப் பாட்டாக்கி மேடைகளிற் பாடினார்; அப்பாடல்கள் 1940 இல் நூலாகவும் வந்தன.

பத்திரிகை வாசிக்கத் தெரியாத தொழிலாளிக்கும் எள்ளல் இருந்தது. மலையகத்து நாட்டார் பாடல்களிலே துரையும், கணக்கப்பிள்ளையும், கங்காணியும் கேலிக்குள்ளாகின்றனர். சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்த மலைநாட்டு மக்கள் பாடல்கள் 1983 இல் நூலாயின. கொழுந்து மலையிலே கங்காணி காதுபடப் பேசமுடியாததைப் பெண்கள் பாட்டாகப் பாடினர். அப்பாடல்களிற் கூரிய முள் துரையை நோக்கியதாக மட்டுமில்லை. நம்மவராக நின்றே வஞ்சித்தவரை நோக்கியும் இருந்தது. தூரத்து எசமானைவிட அருகிலுள்ள உறவினரின் வஞ்சகம் ஆழத் தைக்குமல்லவா?

சிரிப்பின் எல்லை

எள்ளல் எதனைச் சாதிக்கும், எதனைச் சாதிக்காது என்பதையும் கூறுதல் எம் கடமை. ஒஷாவாவில் எள்ளப்பட்ட ஹெப்பேர்ண், அதே 1937 ஒக்ரோபர் தேர்தலிற் பெருவெற்றியீட்டினார். உலகமே சிரித்த ‘ரொஜரும் நானும்’ படத்தால் பிளின்றில் மூடப்பட்ட ஆலைகள் திறக்கப்படவில்லை. அப்படம் சம்பவங்களின் கால ஒழுங்கை மாற்றிக் காட்டியதென்று விமர்சகர்கள் கண்டித்தபோது, கம்பனியின் செயல்களைவிட மூரின் செயல்களே சிலகாலம் விவாதப் பொருளாயின. எள்ளுவோன் உண்மையில் இம்மியளவு பிசகினாலும், எள்ளப்பட்டவன் அப்பிளவு வழியே தப்பிவிடுவான்.

ஒஷாவாவின் பின்கதையும் படிப்பினையே. 2009 இல் வங்குரோத்து நிலையை அடைந்த ஜெனரல் மோட்டோர்ஸைக் காப்பாற்றக் கனடிய, ஒன்ராறியோ அரசாங்கங்கள் 10 பில்லியன் டொலருக்கும் மேலான மக்கள் பணத்தை ஈந்தன. 2018 நவம்பர் 26 இல் அக்கம்பனி ஒஷாவா ஆலையில் வாகன உற்பத்தியை நிறுத்தப்போவதாக அறிவித்தது. 2019 டிசெம்பரில் உற்பத்தி நின்றது. ஈராயிரத்துக்கு மேற்பட்டோரின் வேலை பறிபோயிற்று. பின்னர் 2021 நவம்பரில் அங்கு மீண்டும் வாகனங்கள் உருவாகத் தொடங்கின. கம்பனிக்கு இடர் வந்தால் அது ‘நம்முடைய’ கம்பனி. இலாபக் கணக்குப் பார்க்கும்போது அது எந்நாட்டையும் சாராத கம்பனி. கம்பனி போவதும் வருவதுமாக இருந்த இக்காலமெல்லாம் இடம்பெயராது நின்றது 1937 இல் உருவான 222 ஆம் இலக்கக் கிளைச் சங்கம். நகைப்பு மறைந்தாலும் அமைப்பு நிலைத்தது. எள்ளல் அச்சத்தைப் போக்கும். அச்சம் நீங்கியவர்களைச் சங்கமே உரிமையிடம் கொண்டுசேர்க்கும்.

எமது சமூகத்துக்குக் கூறவேண்டியது இதுவே. 1986 ஆகஸ்டில் நியூபவுண்லாந்துக் கரைக்கு அப்பால் உயிர்காப்புப் படகுகளிலிருந்து மீட்கப்பட்ட 155 தமிழரையும், 2010 இல் ‘சன் சீ’ கப்பலில் வந்த 492 பேரையும் ‘வெளியார்’ என்னும் சொல் துறைமுகத்திலேயே எதிர்கொண்டது. அச்சொல்லின் சூட்டை அறிந்த நாம், எமக்குப் பின்னர் வந்து பண்டகசாலைகளிலும் பண்ணைகளிலும் குறைகூலிக்கு உழைக்கும் புதியவர்களை நோக்கி அதே சொல்லை வீசுதல் தகுமா? எமது கூலியைக் குறைப்பவர் அருகில் நின்று உழைப்பவரல்லர். இருவரையும் போட்டிக்கு நிறுத்துபவரே.

‘நம்மவர்’ என்னும் சொல்லையிட்டும் விழிப்பாயிருத்தல் வேண்டும். தமிழ் முதலாளிகளுட் பலர் நேர்மையாளர். எம்மவருக்கு முதல்வேலை தந்து கைதூக்கிவிட்டோர். அதேவேளை, ஊர்ப்பெயரையும் உறவையும் சொல்லி, கையிற் காசு கொடுத்து, சட்டக் கூலியிலும் குறைத்து, மேலதிக நேர வேலையைக் கணக்கிலெடாது, அகதி வழக்கு முடியாத இளைஞனின் அச்சத்தையே மூலதனமாக்கியோரும் இருக்கின்றனர். அவர்கள் கோயில் திருவிழாவில் முன்வரிசையில் அமரலாம். கலைவிழாவிற் பொன்னாடை பெறலாம். தலைக்காசு பெற்ற கங்காணியும் தோட்டத்துக் கோயிலில் முதல் மரியாதை பெற்றவரே.

ஒன்ராறியோவில் 2025 ஒக்ரோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்சப் பொதுக்கூலி மணிக்கு 17 டொலர் 60 சதம். வழங்கப்படாத கூலிக்காக, அது கொடுபடவேண்டிய நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் தொழில் அமைச்சில் முறையிடலாம். முறையிட்டமைக்காகத் தொழில்வழங்குநர் பழிவாங்குதலைச் சட்டம் தடுக்கின்றது. இவற்றை அறிந்து வைத்திருப்பதும், அறியாதவருக்குக் கூறுவதும், தனியே முறையிட அஞ்சுவோர் பலராகச் சேர்ந்து முறையிடுவதும் இன்றைய தேவைகள்.

சமூகப் பத்திரிகைகளுக்கும் ஒரு கடமை உண்டு. விளம்பரம் தருபவரை எள்ளுதல் எளிதன்று. ஜோர்ஜ் பிறவுண் எங்கோ இருந்த அடிமை முதலாளியைச் சாடியபோது அவருக்கு எந்த நட்டமும் நேரவில்லை. தம் அச்சகத்திலேயே உரிமைக்குரல் எழுந்தபோதுதான் அவர் சோதிக்கப்பட்டார். அமெரிக்கக் கம்பனிகளின் பேராசையைக் கண்டு நகைப்பது எமக்கு இலகு. ஸ்ரௌவ்விலிலும் மார்க்கத்திலும் ஸ்காபரோவிலும் எமது கடைத்தெருக்களில் நடப்பதை அதே துணிவுடன் எழுதும் நாளிலேயே, தமிழ் வாசகனும் தனக்கொரு பத்திரிகை உண்டென நம்புவான். அந்நாளை விரைவில் வரச்செய்வது எழுதுவோர், வாசிப்போர், உழைப்போர் ஆகிய எம் அனைவரதும் பொறுப்பாகும்.